மலைக்குத் தெற்கே ஹபீபா அக்கா

தகட்டின் ஓரங்களை மட்டும் விரல் நுனியால் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார் ஹபீபா அக்கா. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய கண்ணாடித் தகடு. அதில் வெள்ளையெல்லாம் கறுப்பாகவும் கறுப்பெல்லாம் வெள்ளையாகவும் இரண்டு சிறுமிகள். அவர்களுக்குப் பின்னால் ஆறு. ஆற்றுக்கு அந்தப் பக்கம், கட்டைவிரல் நகம் அளவுக்கு மலைக்கோட்டை.

மேஜைக்கு எதிரே தொட்டியத்திலிருந்து வந்திருந்த சின்னசாமி அய்யா உட்கார்ந்திருந்தார். எழுபதைத் தாண்டிய வாழை விவசாயி. மடியில் மஞ்சள் பை. அவர் தகட்டைப் பார்க்கவே இல்லை. டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடிக்கும்போது நாம் டாக்டர் முகத்தையே பார்ப்போமே, அப்படி அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல ஒண்ணு எங்க அம்மா. எதுன்னுதான் தெரியல" என்றார்.

இந்தத் தொடரில் இதுவரை பெட்டிகளைப் பற்றி எழுதிவிட்டேன், பூஞ்சையைப் பற்றி எழுதிவிட்டேன், போன வாரம் கரப்பான் பூச்சிக்கே ஒரு பக்கம் கொடுத்தேன். பக்கத்து நாற்காலியைப் பற்றி மட்டும் எழுதவில்லை. எழுதினால் அக்கா படிப்பார். படித்தால் தப்பையெல்லாம் பென்சிலால் வட்டம் போட்டு அனுப்புவார். அந்தப் பயம்தான். இந்த வாரம் துணிந்துவிட்டேன்.

எக்ஸ்பிரஸ்

எங்கள் அலுவலகம் திருச்சி மெயின்கார்டு கேட் பக்கத்துச் சந்தில், ஒரு துணிக்கடையின் மாடியில் இருக்கிறது. வீடுகளில் கிடக்கும் பழைய போட்டோ, பிலிம், கண்ணாடித் தகடு எல்லாவற்றையும் தூசி தட்டி, கணினியில் நகலெடுத்து, அசலைக் கெட்டுப்போகாத காகித உறையில் போட்டுத் திருப்பிக் கொடுப்பது வேலை. இரண்டு ஸ்கேனர், ஒரு கேமரா, ஒரு மேனேஜர், நாங்கள் இருவர்.

நானும் அக்காவும் ஒரே வாரத்தில் சேர்ந்தவர்கள். நான் ஸ்ரீரங்கம் வடக்குச் சித்திரை வீதி. இன்ஜினியரிங் முடித்து, சென்னையில் ஒரு கம்பெனியில் ஆறு மாதம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, போதும்டா சாமி என்று திரும்பியவள். அவர் பாலக்கரை. என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர், கணவர் வளைகுடாவில். தபாலில் பி.ஏ. வரலாறு படித்துக்கொண்டே ஒன்பது வருஷம் ஒரு ஜெராக்ஸ் கடையில் நின்றவர். அந்தக் கடையில், கண்ணாடி மூடிக்கு அடியில் வாடிக்கையாளர்கள் மறந்துவிட்டுப் போகும் பழைய போட்டோக்களை ஒரு பிஸ்கட் டின்னில் சேர்த்து வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஆளைத் தேடிப் பிடித்துக் கொடுத்திருக்கிறார். நேர்முகத்தில் அனுபவம் என்ன என்று கேட்டபோது அந்த டின்னைத்தான் மேஜை மேல் வைத்தாராம்.

நான் ஒரு நாளைக்கு நூறு படம் ஸ்கேன் செய்வேன். அவர் முப்பது. முதல் மாதமே எனக்கு 'எக்ஸ்பிரஸ்' என்று பேர் வைத்துவிட்டார். "எக்ஸ்பிரஸ், சின்ன ஸ்டேஷன்ல எல்லாம் நிக்காதா?" என்பார். நான் சிரித்துக்கொண்டே அடுத்த படத்தைப் போடுவேன்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என் நூறில் பத்து, தப்பென்று திரும்பி வரும். அவருடைய முப்பதில் ஒன்றும் வராது. மதுரையிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் இதே வேலை பார்ப்பவர்கள் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, மேடம் என்ன சொல்றாங்க என்று காத்திருப்பார்கள். அக்கா பிலிம் சுருளை மோந்து பார்த்தே இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்வார். மூக்கு கெடக்கூடாது என்பதற்காக வேலை நாளில் அத்தர் பூசமாட்டார். வெள்ளிக்கிழமை மாலை கிளம்பும்போது மட்டும் கைப்பையிலிருந்து ஒரு சின்ன பாட்டில் வெளியே வரும்.

ஒருமுறை பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து ஒருவர் தன் கல்யாணப் படத்தோடு வந்தார். எல்லாம் முடிந்ததும் தயங்கித் தயங்கி, மீசையை மட்டும் கொஞ்சம் அடர்த்தியாக்கித் தர முடியுமா என்று கேட்டார். எனக்கு அது இரண்டு நிமிஷ வேலை. மவுஸுக்குக் கை போய்விட்டது. அக்கா முந்திக்கொண்டார்.

"தூசி தட்டுறது மட்டும்தாங்க நம்ம வேலை. மீசையெல்லாம் நீங்கதான் வளக்கணும்."

அவரே சிரித்துவிட்டார். மெலிந்த மீசையோடுதான் படம் போனது.

உறை மேல் இரண்டு கையெழுத்து

அக்கா கொண்டுவந்த வழக்கம் ஒன்று உண்டு. எந்தப் படமானாலும் உறையின் மேல் பென்சிலால் ஊர், பேர், எது மேல், எது இடது என்று ஓர் அம்புக்குறி. அதற்குக் கீழே இரண்டு பேர் கையெழுத்து. ஒருவர் முடிவு செய்ய, இன்னொருவர் பார்த்துவிட்டுப் போட வேண்டும். தெரியாவிட்டால் 'தெரியவில்லை' என்று எழுதலாம். அவர் அதைக் கூச்சமே இல்லாமல் எழுதுவார். எனக்கு அந்த வார்த்தையை எழுதினால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

இடது வலதில் என்ன பெரிய சிக்கல் என்று கேட்கலாம். கண்ணாடித் தகட்டை எந்தப் பக்கமாக வைத்தாலும் படம் தெரியும். ஒரு பக்கம் வைத்தால் உள்ளது உள்ளபடி. மறுபக்கம் வைத்தால் முகம் பார்க்கும் கண்ணாடியில் தெரிவதுபோல இடமும் வலமும் மாறிவிடும். தகட்டின் ஒரு பக்கம் வழவழவென்றும், மருந்து பூசிய பக்கம் கொஞ்சம் மங்கலாகவும் இருக்கும். மருந்துப் பக்கத்தைக் கண்டுபிடித்தால் பிரச்சினை முடிந்தது.

சின்னசாமி அய்யாவின் தகட்டில் முடியவில்லை.

விரலுக்குத் தெரியாத விரிசல்

அய்யா கைக்குழந்தையாக இருந்தபோதே அவர் அம்மா இறந்துவிட்டார். அம்மாவின் தங்கைதான் வளர்த்தது. அம்மாவுக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது என்றே எழுபது வருஷம் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். மாமா வீட்டுப் பரணை இடித்தபோதுதான் இந்தத் தகடு கிடைத்தது. கூடவே ஓர் அட்டை. அதில் ஒட்டியிருந்த படத்தைக் கரையான் தின்றுவிட்டது. அட்டையின் பின்பக்க எழுத்து மட்டும் மிச்சம்: 'ஆடிப்பெருக்கு. அம்மா மண்டபம். இடமிருந்து வலம்: தனம், கனகம்.'

தனம் அம்மா. கனகம் சித்தி.

இருவருக்கும் ஒரு வயது வித்தியாசம்தான். பத்து, பதினொன்று இருக்கும். அச்சில் வார்த்த மாதிரி ஒரே முகம். ஒருத்தி, ஆடிப்பெருக்குக்குப் பிள்ளைகள் இழுக்கும் சின்னத் தேரான சப்பரத்தின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நேராகப் பார்க்கிறாள். இன்னொருத்தி வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறாள். சித்தியை அடையாளம் தெரியவில்லையா என்று நான் கேட்டேன்.

"சித்திய நரைச்ச தலையோடதாம்மா எனக்கு நெனப்பிருக்கு. பாவாட சட்டையில எங்க பாத்தேன்" என்றார்.

பதிவு செய்வதற்காக ஆதார் அட்டையைக் கேட்டேன். எடுத்து நீட்டிக்கொண்டே, அதிலிருக்கும் மூஞ்சியைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள், தூங்குகிறவனை எழுப்பி எடுத்த மாதிரி இருக்கும் என்றார். நிஜமாகவே அப்படித்தான் இருந்தது.

தகட்டுக்கு வருகிறேன். படத்தின் குறுக்கே ஒரு விரிசல் தெரிந்தது. அக்கா விரலால் தடவினார். கண்ணாடியில் விரிசலே இல்லை. அப்படியானால் இது அசல் தகடு இல்லை. விரிசல் விட்ட அசலிலிருந்து யாரோ எடுத்த நகல். நகலெடுத்தவர் அசலை எந்தப் பக்கமாக வைத்தாரோ, யாருக்குத் தெரியும்? மருந்துப் பக்கத்தை இனி நம்ப முடியாது. எழுத்துள்ள பலகை எதுவும் படத்தில் இல்லை. தாவணி போட்டிருந்தால், அது கிடக்கும் தோள்தான் இடது என்று சொல்லியிருக்கலாம். போடும் வயது இல்லை.

மிச்சம் மலைக்கோட்டை மட்டும்தான். உச்சியில் கோயில், அதற்குக் கீழே ஒரு பக்கமாக இறங்கும் தோள். அந்தத் தோள் எந்தப் பக்கம் என்று பார்த்தால் போதும். அக்கா ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

"பொறந்ததுலேந்து பாக்குற மலை" என்று சொல்லித் தகட்டைத் திருப்பி வைத்து அம்புக்குறி போட்டார். பிறகு என் பக்கம் உறையைத் தள்ளினார். "நீ ஸ்ரீரங்கத்துப் பொண்ணு. நீயும் ஒரு தடவ பாத்துச் சொல்லு."

என் காதில் ஹெட்போன். கையில் வேறொரு வீட்டு ஆல்பம். "சரிதான்க்கா" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

அவ்வளவுதான். சப்பரக் கயிற்றைப் பிடித்திருப்பவள்தான் தனம் என்று முடிவானது. அய்யா அந்தச் சிறுமியை மட்டும் பெரிதாக்கித் தரச் சொன்னார். வெட்டி, பெரிதாக்கி, சட்டம் போட்டுக் கொடுத்தோம். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்கம்மா தேர் இழுத்திருக்கு பாருங்க" என்று படியிறங்கும்வரை சொல்லிக்கொண்டே போனார்.

மொட்டை மாடியில்

ஒரு மாதம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை. வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காமல் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன். அந்தப் படம் எனக்கு அவ்வளவு பிடித்துப்போய், அதைத்தான் லேப்டாப்பின் முகப்பில் வைத்திருந்தேன். திறந்தேன். திரையில் மலைக்கோட்டை. தலையைத் தூக்கினால் தென்னந்தலைகளுக்கு மேலே நிஜ மலைக்கோட்டை.

திரையில் தோள் ஒரு பக்கம். நிஜத்தில் எதிர்ப்பக்கம்.

லேப்டாப்பை மூடிக்கொண்டு கீழே ஓடினேன். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நேராக அம்மா மண்டபம் படித்துறைக்குப் போனேன். ஈரத் துணியோடு ஏறிவருபவர்கள் நடுவில், லேப்டாப்பை விரித்துப் பிடித்து ஆற்றைப் பார்த்து நின்றேன். பூ விற்கிற அம்மா, "என்ன பாப்பா, காவேரிக்குப் படம் காட்டுறியா?" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மாறித்தான் இருந்தது.

எப்படி என்று அங்கேயே புரிந்தது. அக்கா வீடு பாலக்கரையில், மலைக்குத் தெற்கே. நாங்கள் மலைக்கு வடக்கே. அவர் மலையின் முதுகைப் பார்க்கிறார் என்று நான் சொல்வேன். நாங்கள்தான் முதுகைப் பார்க்கிறோம் என்று அவர் சொல்வார். படம் ஸ்ரீரங்கம் கரையிலிருந்து எடுத்தது என்று இருவருக்குமே தெரியும். ஆனாலும் தோளைத் தேடும்போது அவர் மனசு பாலக்கரை மாடியில் போய் நின்றுவிட்டது. அந்தத் தோள் இடப்பக்கமா வலப்பக்கமா என்று இங்கே எழுத மாட்டேன். எழுதினால் திருச்சி வாசகர்களில் பாதிப் பேர் சண்டைக்கு வருவார்கள்.

அவருக்காவது ஒரு காரணம் இருந்தது. எனக்கு? அந்த அறையில் சரியான மலையைத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். நான் பார்க்கவே இல்லை.

சொல்வதா, வேண்டாமா

திங்கட்கிழமை காலை அக்கா டிபன் டப்பாவைக்கூட இறக்கி வைக்கவில்லை, சொல்லிவிட்டேன். தேர்வு முடிவைக் கேட்கிறவர் மாதிரி நின்று கேட்டார். பிறகு கைபேசியை எடுத்தார். அவர் வீட்டு மாடியில் மகள் காற்றாடி விடும் படம். பின்னால் மலை. அதையும் என் லேப்டாப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"இத்தன வருஷமா எனக்கு மலைன்னா ஒரே மலைதான் வைதேகி" என்றார். எக்ஸ்பிரஸ் என்று கூப்பிடாமல் பேர் சொல்லிக் கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

மேனேஜர் சாரிடம் போனோம். நல்ல மனுஷன். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலும் இல்லை. பெரியவர் நிம்மதியாக இருக்கிறார், இந்த வயதில் எதற்குக் கலைக்க வேண்டும், நமக்குத் தெரிந்ததை நம்மோடு வைத்துக்கொண்டால் யாருக்கு என்ன நஷ்டம், எப்படியும் அம்மா இருக்கிற படம்தானே கொடுத்தோம் என்றார்.

"இல்ல சார்" என்றார் அக்கா. "வெட்டிக் குடுத்தோம். அவங்க அம்மாவத்தான் வெட்டி வெளிய தள்ளியிருக்கோம்."

சார் பதிவேட்டைத் திறந்து அய்யாவின் விலாசத்தை எழுதிக் கொடுத்தார்.

அன்றே கண்ணைச் சுருக்கிய சிறுமியைப் பெரிதாக்கினோம். முழுப் படத்தையும் சரியான பக்கமாகத் திருப்பி ஒரு பிரதி எடுத்தோம். இந்தத் தடவை நான் ஒவ்வொரு படத்தையும் மூன்று முறை பார்த்தேன்.

முசிறி வழி பஸ்

அய்யாவின் ஊரான தொட்டியத்துக்குப் போக நானும் அக்காவும் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏறினோம். சட்டங்களைத் துண்டில் சுற்றி அக்கா மடியில் வைத்துக்கொண்டார். பஸ் குலுங்கும்போதெல்லாம் இரண்டு கையாலும் அணைத்துக்கொள்வார்.

 மெஷின் கோளாறு என்று சொல்லிவிடலாமா, அவருக்கு எங்கே தெரியப்போகிறது என்று மெல்லக் கேட்டேன். அக்கா ஜன்னல் பக்கமிருந்து திரும்பி என்னைப் பார்த்தார். நான் வாழைத் தோப்புகளை எண்ண ஆரம்பித்தேன். முசிறி தாண்டியதும் அவரே பேசினார். எழுபது வருஷம் அம்மா முகம் தெரியாமல் இருந்தவருக்கு ஒரு முகத்தைக் கொடுத்துவிட்டோம், இப்போது போய் அதைப் பிடுங்கப் போகிறோம், அதுதான் நெஞ்சை அடைக்கிறது என்றார்.

வீடு வாய்க்கால் ஓரமாக இருந்தது. கூடத்துச் சுவரில் சப்பரக்காரச் சிறுமி. சட்டத்தின் மேல் அன்றைக்குப் பறித்த நந்தியாவட்டைப் பூ. அய்யாவுக்கு எங்களைப் பார்த்ததில் அவ்வளவு சந்தோஷம். மோர் வந்தது. அக்கா டம்ளரைக் கையில் வாங்கி, குடிக்காமல் கீழே வைத்தார்.

"அய்யா, ஒரு தப்பு நடந்துபோச்சு. படத்த நான் எடம் வலம் மாத்தி வச்சுட்டேன். நான் மலைக்குத் தெக்க குடியிருக்கிறவ. அம்மா மண்டபத்துலேந்து பாத்தா மலை வேற மாதிரி. நீங்க பூ வைக்கிறது உங்க சித்திக்கு."

"நானும்தான்" என்றேன். "பாக்காமலே கையெழுத்துப் போட்டேன்."

அக்கா துண்டைப் பிரித்தார். கண்ணைச் சுருக்கிய சிறுமியைத் தூக்கி அவர் கையில் கொடுத்தார். அய்யா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். சுவரைப் பார்த்தார். கையிலிருப்பதைப் பார்த்தார்.  எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

பிறகு மெதுவாகச் சட்டைப் பைக்குள் கைவிட்டு ஆதார் அட்டையை எடுத்து, அந்தச் சிறுமிக்குப் பக்கத்தில் வைத்தார்.

அதே சுருக்கம். இடது கண் கொஞ்சம் கூடுதலாக மூடியிருப்பதுகூட அதேதான்.

"ஊரே கேலி பண்ணும்மா" என்றார். "போட்டோன்னா கண்ண மூடிக்கிறான்னு. இது அம்மா குடுத்ததா?" குரல் உடைந்துவிட்டது. சிரித்துக்கொண்டேதான் உடைந்தது.

மருமகள் ஸ்டூலைப் போட்டு, சுவரிலிருந்த சட்டத்தைக் கழற்றப் போனார். அய்யா கையைக் காட்டித் தடுத்தார்.

"அது இருக்கட்டும். சித்தி செத்து இருவது வருஷமாச்சு. சோறு போட்டு வளத்தவ. அவளுக்கு ஒரு பூ வச்சதில்ல நானு, படம் ஏது வைக்க? இப்ப ஒரு மாசமா தெனம் வச்சிருக்கேன். நீங்க தப்பு பண்ணலன்னா இது எனக்குத் தோணியிருக்குமா? பக்கத்துல இன்னொரு ஆணி அடி."

அப்புறம்தான் அக்கா மோரைக் குடித்தார். திரும்பும்போது ஒரு பூவன் வாழைத் தாரை எங்கள் தலையில் கட்டிவிட்டார் அய்யா. பஸ்ஸில் அதற்குத் தனி இடம் பிடிக்க வேண்டியிருந்தது. முசிறி வருவதற்குள் நாங்கள் ஆளுக்கு நாலு பழம் தின்றிருந்தோம். கண்டக்டருக்கு இரண்டு.

மூன்றாவது வரி

அடுத்த நாள் அக்கா அந்த உறையை எடுத்தார். பழைய அம்புக்குறியை அழிக்கவில்லை. ஒற்றைக் கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் புது அம்புக்குறி போட்டார். தப்பு எப்படி நடந்தது என்று பின்னால் வருகிறவர்களுக்குத் தெரிய வேண்டும் என்றார். பிறகு கையெழுத்துகளுக்குக் கீழே புதிதாக ஒரு வரி சேர்த்தார்: 'எங்கிருந்து பார்த்தது'. அன்றிலிருந்து எங்கள் அறையில் எல்லா உறையிலும் அந்த மூன்றாவது வரி உண்டு. மலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் நிரப்பியாக வேண்டும். மதுரைக்காரர்களும் இப்போது எழுதுகிறார்களாம்.

என் கணக்கும் இறங்கிவிட்டது. ஒரு நாளைக்கு அறுபது. நாள் முழுக்கச் சின்ன ஸ்டேஷன்களில் நின்று நின்று போகிறேன். ஆச்சரியம், எனக்கு இது பிடித்திருக்கிறது.

இந்த வருஷம் சென்னையில் ஒரு பெரிய ஆவணக் காப்பகத்துக்கு அக்காவைத் தலைமைப் பொறுப்புக்குக் கூப்பிட்டார்கள். போய்விட்டார். கடைசி நாள், ஜன்னல் பக்கம் ஒரு தகட்டைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி அவரை ஒரு படம் எடுத்தேன். அச்சுப் போட்டு, உறையில் இட்டு, பென்சிலால் எல்லாம் எழுதினேன். ஊர் பாலக்கரை. பேர் ஹபீபா. எது மேல், எது இடது, அம்புக்குறி. இரண்டாவது கையெழுத்துக்கு அவரிடம் நீட்டினேன். தன் படத்துக்குத் தானே சாட்சி போடுவது முறையில்லை என்று சொல்லி மேனேஜர் சாரைக் கூப்பிட்டார். அவர் பார்த்துவிட்டுத்தான் போட்டார்.

அக்கா உறையைக் கையில் வாங்கி மேலிருந்து கீழே படித்தார். மூன்றாவது வரியில் விரல் நின்றது. கைப்பையைத் திறந்து அத்தர் பாட்டிலை எடுத்தார். வெள்ளிக்கிழமைகூட இல்லை.

"எக்ஸ்பிரஸ், பாத்துட்டுத்தான எழுதுன?" என்றார்.

"பாத்துட்டுத்தான்க்கா."

அந்த உறை என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. மூன்றாவது வரியில் நான் எழுதியது: 'பக்கத்து நாற்காலியிலிருந்து.'